எலிக் கல்லீரலில் ஜிஎஸ்டி-பை ஆன்டிபாடி: தஞ்சாவூர் ஆய்வகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

நெல்வயல் பூச்சிக்கொல்லிகள் எலியின் கல்லீரலை எவ்வாறு பாதிக்கின்றன என்று பார்ப்பதற்காக, குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ் (ஜிஎஸ்டி) நொதியின் பை வகையைக் கண்டறியும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் புரதம்) ஒன்றை வாங்கினோம். நச்சுப் பொருள்களோடு குளூட்டாதயோனைப் பிணைத்து, அவை நீரில் கரைந்து வெளியேற உதவும் நொதி இது. பில்லில் பொருளும் ஜிஎஸ்டி, வரியும் ஜிஎஸ்டி என்றிருந்ததால் கணக்குப் பிரிவுக்கு விளக்கம் சொல்லவே அரை நாள் ஆயிற்று.

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) குறை சொல்ல எதுவுமில்லை. இந்த நொதியின் எடையான 23 கிலோடால்டன் அருகே ஒரே கோடு தெளிவாக விழுந்தது.

திசுச் சீவல்களில்தான் தடுமாறினோம். அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற வைட்டமினைப் பற்றிக்கொள்வதை வைத்து, ஆன்டிபாடி ஒட்டிய இடத்தைப் பழுப்பாகக் காட்டும் அவிடின்-பயோட்டின் கிட்டை வைத்துச் செய்த முதல் முயற்சியில் கல்லீரல் முழுவதும் பழுப்பேறியது. ஆன்டிபாடியே இடாமல் ஒப்பீட்டுக்கு வைத்திருந்த ஸ்லைடும் அதே நிறத்தில் இருந்ததைக் கண்ட பிறகுதான், குற்றம் ஆன்டிபாடியுடையதன்று, கல்லீரலில் இயல்பாகவே நிறைந்துள்ள பயோட்டினுடையது என்பது புரிந்தது. சிட்ரேட் பஃபரில் சூடேற்றும்போது அது இன்னும் வெளிப்படும். பயோட்டின் இல்லாத பாலிமர் கிட்டுக்கு மாறி, விவரத்தாள் சொன்ன 1:200 என்ற நீர்ப்பு அளவை 1:800 ஆக்கியதும் படம் தெளிந்தது: பித்த நாளத்தின் உள்வரிச் செல்கள் மட்டும் அடர்பழுப்பாக ஒரு வளையம் போலத் தெரிய, சுற்றியிருந்த கல்லீரல் செல்கள் நீலமாகவே நின்றன. இயல்பான எலியில் இப்படித்தான் இருக்க வேண்டும். கல்லீரலைத் தொடும் ஆன்டிபாடிக்கு விவரத்தாள் எழுதுபவர்கள் இந்த எச்சரிக்கையை ஒரு வரியிலாவது சேர்த்திருக்கலாம்.

அனுப்பிய விதம் திருப்தியளிக்கவில்லை. ஐப்பசி அடைமழையில் நான்காம் நாள் வந்த பெட்டியில் ஜெல் பைகள் முழுக்க இளகிக் கிடந்தன. புகாருக்கு விற்பனையாளரிடமிருந்து பதிலே இல்லை. நல்லவேளையாகப் பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்த கரைசல் என்பதால் ஆன்டிபாடி தாங்கிக்கொண்டது. கிளிசரால் இருப்பதால் மைனஸ் 20 டிகிரியிலும் உறையாது என்றாலும், மின்தடைக்குப் பயந்து பத்துப் பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து இரண்டு ஃப்ரீசர்களில் வைத்திருக்கிறோம்.

முயலின் பாலிக்குளோனல் ஆன்டிபாடி (பல ஆன்டிபாடிகளின் கலவை) என்பதால் அடுத்த லாட் இதேபோல் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. ஆய்வு முடியும்வரை தேவைப்படும் அளவை ஒரே லாட்டில் வாங்குவது நல்லது. ஆர்டர் தரும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஜிஎஸ்டி ஆன்டிபாடி என்று மட்டும் எழுதினால், சிஸ்டோசோமா ஒட்டுண்ணியின் நொதியை ஒட்டுப்புரதமாக, அதாவது வேறொரு புரதத்தோடு இணைக்கும் அடையாளமாகக் கொண்ட ஆய்வுகளுக்கான ஆன்டிபாடி வந்து சேரக்கூடும், எலித் திசுவில் அதற்கு வேலையில்லை.