2,850 வெள்ளி போச்சு: பழைய ஸ்கிரீட் மெஷின் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

வயிறு எரிகிறது. தூக்கம் வரவில்லை, அதனால் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோலாலம்பூரில் தரை வேலை, போர்ச் வேலை எடுத்துச் செய்கிற நம் ஆட்கள் கட்டாயம் படியுங்கள். வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

இத்தனை வருடமும் கையால்தான் கான்கிரீட் சமன் செய்தேன். இரண்டு பேர் இரண்டு முனையில் குனிந்து, மட்டப்பலகையை ரம்பம் அறுப்பதுபோல் இழுத்துக்கொண்டே பின்னால் வர வேண்டும். இடுப்பு போய்விட்டது. போன மாதம் செந்தூலில் ஒரு பட்டறைத் தரை வேலை கிடைத்தது. 30க்கு 20 அடி, 5 அங்குல கனம், சுமார் 7 கன மீட்டர் கான்கிரீட். சரி, இந்தத் தடவை வைப்ரேட்டர் ஸ்கிரீட் ஒன்று, அதாவது நீளமான சட்டத்தை (பார்) இன்ஜினால் அதிர வைத்துக் கான்கிரீட்டைச் சமன் செய்யும் மெஷின், வாங்கிவிடலாம் என்று துணிந்தேன்.

பழைய சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் தளம். பெயர் போடவில்லை, என் மேலேயே கேஸ் போட்டாலும் போடுவார்கள். 12 அடி பார், பெட்ரோல் இன்ஜின், விலை 3,200 என்று போட்டிருந்தது. கூப்பிட்டேன். எடுத்தவர் தமிழர், கடை பட்டர்வொர்த் பக்கமாம். "அண்ணே, நானும் சைட்ல நின்னவன்தான், இடுப்பு வலின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அந்த ஒரு பேச்சில் விழுந்தேன். பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம் வேறு. குடும்பஸ்தன், ஏமாற்ற மாட்டார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "தளம் வழியா போனா கமிஷன் வெட்டிடுவாங்கண்ணே, நேரா அக்கவுண்ட்ல போடுங்க, 2,850க்கு முடிச்சிடறேன்." ஒரு வீடியோவும் அனுப்பினார். இன்ஜின் சிங்கம் மாதிரி உறுமியது. அன்று இரவே 2,850 வெள்ளியை அனுப்பினேன். 350 மிச்சம் என்று மனைவியிடம் பெருமை வேறு.

இப்போது அந்த வீடியோவைத் திரும்பப் பார்க்கிறேன். 40 விநாடியும் இன்ஜின் மட்டும்தான். பார் ஒரு முறைகூடக் கண்ணில் படவில்லை. சத்தத்தைப் பார்த்து மெஷின் நன்றாக இருக்கிறது என்று நம்பியிருக்கிறேன்!

இந்த மெஷினில் இன்ஜின் வெறுமனே சுற்றுவதால் பயன் இல்லை. இன்ஜினுக்கும் பாருக்கும் நடுவில் ஒரு கிளட்ச் உண்டு. வேகம் ஏறியதும் அது பிடிக்க வேண்டும். அப்புறம்தான் ஒரு பக்கம் எடை கூடிய தண்டு சுழன்று பாரை அதிர வைக்கும். அந்த அதிர்வில் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும், கல் கீழே படியும், சிமெண்டுப் பால் மேலே வந்து பளபளக்கும். அதை நம்பித்தான் தண்ணீர் குறைந்த, கெட்டியான கலவைக்கு ஆர்டர் கொடுத்தேன்.

மெஷின் லோரியில் வந்தது. வீட்டு வாசலில் கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தேன், ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அது என் தப்பு.

சனிக்கிழமை காலை கான்கிரீட் லோரி வந்தது. முதல் 12 அடி தங்கம் மாதிரி போனது. அப்புறம் ஒரு தீய்ந்த வாடை. த்ராட்டிலைக் கொடுத்தால் இன்ஜின் கத்துகிறது, பார் செத்த பாம்பு மாதிரி கான்கிரீட்டில் கிடக்கிறது. பாதிக் கலவை கொட்டியாகிவிட்டது, வானம் வேறு கறுக்கிறது. கெட்டிக் கலவையை மட்டப்பலகையால் இழுத்தால் அசைவேனா என்கிறது. ஒரு தம்பி ரப்பர் குழாயைத் திறக்கப் போனான், கத்தினேன். அங்கே தண்ணீர் விட்டால் மேல்தரை வலுவிழந்து நாளைக்கு மாவாக உதிரும். மூன்று பேரும் மண்டியிட்டு எப்படியோ முடித்தோம். மறுநாள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் இரண்டு இடத்தில் குளம். 10 அடி அலுமினியக் கட்டையை வைத்தால் கீழே சுண்டுவிரல் நுழைகிறது.

புல்வெட்டி ரிப்பேர் செய்யும் சீன அங்கிளிடம் கொண்டுபோய்ப் பிரித்தேன். கிளட்ச் கட்டை இரண்டும் கண்ணாடி மாதிரி தேய்ந்திருந்தன. தண்டின் பேரிங்கில் ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. ஆனால் வெளியே மட்டும் புது ஆரஞ்சு பெயிண்ட்! அங்கிள் நகத்தால் சுரண்டிக் காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு அன்று விற்றவரைக் கூப்பிட்டேன். "ஆயில் சரியா ஊத்தினீங்களாண்ணே?" திங்கள்: "வாரண்டி இன்ஜினுக்கு மட்டும்தான், கிளட்ச் தேயுற சாமான்." எந்த வாரண்டி? கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. செவ்வாய்: "முதலாளி ஈப்போ போயிருக்கார்." அதுவரை இவர்தான் முதலாளி என்று நினைத்திருந்தேன். நேற்றிலிருந்து மெசேஜுக்கு ஒற்றை டிக்தான். தளத்துக்கு எழுதினால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரி. பயனீட்டாளர் தீர்ப்பாயம் போகலாம் என்றால், அது வீட்டுத் தேவைக்கு வாங்கியவர்களுக்கு. நான் தொழிலுக்கு வாங்கினேன். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகை என்பதால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு வழக்காகப் போடலாம். வேலையை விட்டுவிட்டு எத்தனை நாள் அலைவது? ஆனாலும் 2,850 வெள்ளி சும்மா வரவில்லை, போடத்தான் போகிறேன்.

சரி, பார்க்க வேண்டியவை. தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும். அக்கவுண்ட் நம்பரை முதலில் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டி, அதன் மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போனது மோசடி என்று தெரிந்த உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள், என்னைப் போல நாள் கடத்தாதீர்கள். மெஷினை ஓடவிட்டு, பாரின் இரண்டு முனையிலும் கை வைத்து அதிர்வைப் பாருங்கள், சத்தத்தை நம்பாதீர்கள். பேரிங், ஆயில், பார் வளைவு இதெல்லாம் இன்னும் இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன். காலை 7 மணிக்கு அந்தத் தரையைத் தேய்க்க வாடகை கிரைண்டர் வருகிறது. அதற்கான காசை 2,850இல் நான் இன்னும் சேர்க்கவில்லை.