தருமபுரியில் குடிக்கவும் சமைக்கவும் எந்தத் தண்ணீர்?

பாலக்கோடு பக்கம் இருக்கும் அக்கா வீட்டில் குடிக்க 20 லிட்டர் கேன் தண்ணீர். சோற்றுக்கும் குழம்புக்கும் போர் தண்ணீர். ஏன் என்று கேட்டால், "சோறாக்கக் கூட கேன் தண்ணி வாங்கினா கட்டுப்படியாகுமா?" என்றாள். அந்த ஊர்களில் பல வீடுகளில் இதுதான் நிலை. அதனால்தான், ஃப்ளோரைடு என்ற தாது உப்புக்குப் பயந்து, கேனா, வீட்டு ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரமா, ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர்க் குழாயா என்று பார்க்கும்போது அடுப்பையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும் என்கிறேன்.

போர் தண்ணீரில் ஃப்ளோரைடு பாறையிலிருந்து கரைந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. காய்ச்சினாலும் போகாது, நீர் ஆவியாக ஆக, மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். இந்தியத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத ஊரில் 1.5 வரை. சிறுவயதில், பல் உருவாகும் ஆண்டுகளில் அதிகமாக உள்ளே போனால் பல்லில் பழுப்புக் கறை நிலைத்துவிடும். பல வருடம் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இறுகியதைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது.

கேன் தண்ணீருக்கான ஐ.எஸ். 14543 என்ற இந்தியத் தரமும் ஃப்ளோரைடுக்கு 1 மில்லிகிராம்தான் உச்சம் என்கிறது. ஆர்.ஓ. முறையில் ஒழுங்காகச் சுத்திகரித்த கேனில் அதைவிட நன்றாகக் குறைந்திருக்கும். குடிக்க மட்டும் என்றால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குழந்தை கேன் தண்ணீரையே குடித்தாலும், லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீர் சோறு, சாம்பார் வழியாக அரை லிட்டர் உள்ளே போனால் 1.5 மில்லிகிராம் சேர்ந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு அடுப்படியில் கைவிட்டுப் போகிறது.

வீட்டு ஆர்.ஓ. இருந்தால் சமையலுக்கும் தாராளமாகப் பிடிக்கலாம். மெம்பிரேனை (வடிகட்டும் சவ்வை) நேரத்துக்கு மாற்றினால் ஃப்ளோரைடைப் பெருமளவு நீக்கும். மின்சாரமும் பராமரிப்புச் செலவும் உண்டு. கழிவு நீரில் ஃப்ளோரைடு இன்னும் அடர்த்தியாக இருக்கும் என்பதால் அதை மாட்டுக்கு வைக்காதீர்கள். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளிய வைக்கும் நல்கொண்டா முறையும் இருக்கிறது; அளவு தவறாமல் தினமும் செய்ய ஊர்த் தொட்டியில் ஆள் வேண்டும், ஒரு வீட்டுக்குச் சுமைதான்.

என் ஓட்டு ஒகேனக்கல் தண்ணீருக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃப்ளோரைடு பிரச்சினைக்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு போட்ட திட்டம், 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆற்று நீர், கேனைவிடப் பல மடங்கு மலிவு, உலை வைக்கவும் தாராளம். ஒரே ஆபத்து, மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலப்பது. லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள ஆற்று நீரும் 3 உள்ள போர் நீரும் சரிபாதி கலந்தால் 1.7 ஆகிவிடும், வரம்பு தாண்டிவிட்டது. இதை ஊராட்சியில் கேட்க நமக்கு உரிமை உண்டு, கேளுங்கள்.

அமெரிக்காவில் பல ஊர்களில், பல் சொத்தையைத் தடுக்க, குழாய் நீரில் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் இருக்கும்படி ஃப்ளோரைடு சேர்க்கிறார்கள். பாட்டில் நீருக்கு மாறினால் பல் சொத்தையாகுமோ என்பது அங்கே உள்ள கவலை. அதைப் படித்துவிட்டு இங்கே யாரும் பயப்பட வேண்டாம். சொத்தையைத் தடுக்க ஃப்ளோரைடு பற்பசை போதும், குழந்தை அதை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்தத் தண்ணீரானாலும் ஒருமுறை சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். அக்கா இப்போது குழாய்த் தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் தனியாகப் பிடித்து மூடி வைக்கிறாள்: ஒன்று குடிக்க, ஒன்று உலைக்கு. பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் போர் தண்ணீர்.