ஐ.எஸ்.ஓ 45001 ஆலோசனைச் சேவை: ஒரு வார்ப்பாலையின் மதிப்பீடு

கோவையில் உள்ள எங்கள் இரும்பு வார்ப்பாலையில் பணியிடப் பாதுகாப்புக்கும் தொழிலாளர் உடல்நலத்துக்குமான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ 45001-ஐ நடைமுறைப்படுத்துவதற்காக ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தியிருந்தோம். ஓசாஸ் 18001 என்னும் முந்தைய தரநிலைக்கு மாற்றாக 2018 மார்ச்சில் வெளிவந்த இத்தரநிலையை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அந்த நிறுவனத்தின் சேவையைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை.

தரநிலையின் வலிமை, ஆபத்தைக் கட்டுப்படுத்தும் வரிசைமுறையில் இருக்கிறது. முதலில் ஆபத்தையே நீக்க வேண்டும். இயலாவிட்டால் தீங்கு குறைந்த ஒன்றை மாற்றாகப் பயன்படுத்த வேண்டும். அடுத்து பொறியியல் ஏற்பாடுகள், பிறகு நிர்வாக விதிகள், கடைசியில்தான் பாதுகாப்புக் கவசங்கள். வார்ப்பு மணலிலிருந்து எழும், நுரையீரலைப் பாதிக்கும் சிலிக்கா தூசிக்கு முகக்கவசம் வழங்கிவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணும் வழக்கத்தை இது கேள்விக்குள்ளாக்குவதால், மணல் உதிர்க்கும் இடத்தில் தூசி உறிஞ்சும் அமைப்பை நிறுவுவதற்கான செலவை நிர்வாகம் ஏற்க நேர்ந்தது. மேலாளர் அல்லாத தொழிலாளர்களையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்னும் 5.4 ஆம் பிரிவும் பயனுள்ளது. உலையருகே நிற்பவருக்குத் தெரிந்தது அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரிவதில்லை அல்லவா?

ஆலோசகர்களின் பயிற்சி வகுப்புகள் தெளிவாக இருந்தன. ஆனால் அவர்கள் அளித்த இடர் மதிப்பீட்டுப் படிவங்கள், வேறேதோ ஆலைக்காகத் தயாரிக்கப்பட்டவை போலிருந்ததால், பெரும்பாலானவற்றை நாங்களே திருத்தி எழுதினோம். சான்றிதழைத் தரநிலையை வெளியிடும் ஐ.எஸ்.ஓ அமைப்பு வழங்குவதில்லை, தனித் தணிக்கை அமைப்புகளே வழங்குகின்றன என்பதையும், ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டறிந்துகொள்வது நல்லது.