குதிகால் வலிக்கு விற்கிற சாமான்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலில் ஆணி ஏறியதுபோல் வலித்து, நாலு எட்டு நடந்ததும் தணிந்தால், அது பெரும்பாலும் பிளான்டார் ஃபேசியைடிஸ். வீடுகளில் குதிவாதம் என்று சொல்வது பல நேரம் இதைத்தான். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள்வரை ஓடும் தடித்த சவ்வு, ஓயாத சுமையால் எலும்போடு ஒட்டும் இடத்தில் நைந்துபோகிறது. இரவில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடப்பதால் சவ்வும் கெண்டைக்கால் தசையும் இறுகிவிடுகின்றன. முதல் அடி அதை வெடுக்கென்று இழுக்கிறது. ஆகவே கடையில் எதைக் காட்டினாலும், அந்த முதல் அடிக்கு இது என்ன செய்யும் என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கேள்வியில் நன்றாகத் தேறுவது எம்.சி.ஆர். செருப்பு. எம்.சி.ஆர். கம்பெனிப் பெயரல்ல, மைக்ரோ செல்லுலர் ரப்பர். தொழுநோயால் பாதத்தில் உணர்ச்சி இழந்தவர்களுக்குப் புண் வராமல் காக்க, வேலூரில் டாக்டர் பால் பிராண்டின் குழுவினர் பயன்படுத்திய பொருள் இது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் இதையே எழுதிக்கொடுக்கிறார்கள். ஆனால் மெத்தென்று இருப்பதையெல்லாம் எம்.சி.ஆர். என்று விற்கிறார்கள். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: அமுங்கி, விட்டதும் உடனே எழும்ப வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் வைத்துவிட்டு வரலாம். மேலே மெத்தென்ற ரப்பர், அடியில் கெட்டியான சோல் என்று இரண்டு அடுக்கு இருக்க வேண்டும். முழுக்க மென்மையாக இருந்தால் பாதம் உள்பக்கம் சரிந்து, சவ்வு இன்னும் இழுபடும். பின்பட்டை உள்ளதையே எடுங்கள்; இல்லாவிட்டால் செருப்பு நழுவாமலிருக்க விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இதை வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, வாசலோடு கழற்றிவிடுவது. வலி கூடுவதே டைல்ஸிலும் கிரானைட்டிலும் வெறுங்காலோடு மணிக்கணக்காகச் சமையலறையில் நிற்பதால்தான். வீட்டுக்குள் செருப்பா என்று மனம் ஒப்பாதவர்கள், வாசல் தாண்டாத தனி ஜோடி ஒன்றைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்ளலாம். குதிகால் பதியும் இடம் தட்டையாகிவிட்டால், வார் புதிதுபோல் இருந்தாலும் அந்த ஜோடியின் வேலை முடிந்தது.

சிலிக்கான் குதிகால் கப், ஷூ போட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சரி. செருப்பில் வைத்தால் வழுக்கும். வலி ஒரு காலில் என்றாலும் இரண்டிலும் போட வேண்டும். ஒரு கால் மட்டும் உயர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். குதிகாலை உயர்த்துவதால் ஷூ லூசாகிப் பின்பக்கம் கொப்புளம் கிளம்பும். சற்று ஆழமான ஷூ தேவை. உள்ளங்கால் வளைவைத் தாங்கும் ரெடிமேட் இன்சோல் இதைவிட மேல். பாத அச்செடுத்துச் செய்யும் விலையுயர்ந்த இன்சோலை முதலிலேயே வாங்க அவசியமில்லை. பெரும்பாலானவர்களுக்கு ரெடிமேடே ஏறக்குறைய அதே பலன் தரும்.

தூங்கும்போது காலில் கட்டிக்கொள்ளும் இரவு ஸ்பிளின்ட் கணுக்காலை 90 டிகிரியில் நிறுத்தி, சவ்வு இறுகாமல் காக்கும். தத்துவம் சரி, தூக்கம்தான் கெடும். பாதி இரவில் கழற்றி எறிபவர்களே அதிகம். மாதக்கணக்கில் விடாத காலை வலிக்கு மட்டும் முயலலாம். பட்டையை இறுக்கிக் கட்டினால் விரல் மரத்துப்போகும்.

முள் முளைத்த அக்குபிரஷர் செருப்புக்கு ஒரு ரூபாய்கூடத் தண்டம். நைந்த இடத்தையே அது குத்துகிறது. உள்ளங்காலுக்கடியில் உருட்டும் பந்து வேண்டுமானால் பழைய டென்னிஸ் பந்து போதும். அரை லிட்டர் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, துணி சுற்றி, மாலையில் 10 நிமிடம் உருட்டினால் வலி தணியும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் இதைத் தொடவே கூடாது. சில்லிப்பு தோலைப் புண்ணாக்குவதுகூடத் தெரியாது.

இவை எல்லாவற்றையும்விட வேலை செய்யும் ஒன்றுக்குக் கடையே வேண்டாம். கட்டிலில் உட்கார்ந்தபடி, தரையில் கால் வைக்கும் முன், வலிக்கும் காலை மற்ற தொடைமேல் போட்டு, விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கமாக மடக்கி இழுங்கள். உள்ளங்காலில் சவ்வு கயிறுபோல் விறைப்பது மறுகைக்குத் தட்டுப்பட வேண்டும்; தட்டுப்படாவிட்டால் இழுப்பு போதவில்லை. 10 விநாடி பிடித்து 10 முறை, தினம் 3 வேளை.

கடும் வலி குறைந்ததும் படிக்கட்டுக்கு மாறலாம். சுருட்டிய துண்டை விரல்களுக்கடியில் வைத்து, குதிகால் படிக்கு வெளியே தொங்க, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும்: 3 விநாடி உயர்த்தி, 2 விநாடி நின்று, 3 விநாடி இறக்கி. 12 முறை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் செய்தால் சவ்வுக்கு ஆற அவகாசம் இராது. பலன் தெரிய வாரங்கள் ஆகும். முழுக்கத் தேற 6 முதல் 12 மாதம்கூட ஆகலாம். இரண்டே வாரத்தில் விட்டுவிடுவதால்தான் அடுத்த சாமானுக்குக் காசு போகிறது.

எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிகிறது என்று பயமுறுத்தி விற்கும் ‘முள் கரைக்கும்’ தைலங்களைத் தாராளமாக ஒதுக்கலாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. தைலம் எலும்பைக் கரைக்காது.

குதிகாலை இருபுறமும் அமுக்கினால் கடுமையாக வலிப்பது, ஓய்விலும் இரவிலும் விடாத வலி, மரத்துப்போதல், வீக்கத்தோடு காய்ச்சல், ‘டப்’பென்று அறுந்த உணர்வு: இவற்றில் ஒன்று இருந்தாலும் செருப்புக் கடைக்குப் போகாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.