புறக்கோட்டை விதைக் கடை: விலைக்கு முன் தண்ணீரைக் கேட்டவர்

வவுனியாப் பக்கம் ஒரு சிறு குளத்துக்குக் கீழே எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயலும் அதை ஒட்டி ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணியும் இருக்கின்றன. செய்வது அப்பா. நான் வெள்ளவத்தையில் இருந்து வேலைக்குப் போகிறவள், விதை வாங்கி அனுப்புவது என் பொறுப்பு. ஊரில் காணி வைத்துக்கொண்டு கொழும்பில் இருக்கிறவர்கள் நிறையப் பேர் இதே வேலையைச் செய்கிறார்கள் என்று தெரியும், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடை புறக்கோட்டையில், ஐந்துலாம்புச் சந்தியில் இருந்து நடந்து போகிற தூரம். வாசலில் பெரிய தராசு ஒன்று நிற்கும், உள்ளே சுவர் முழுக்க மரத் தட்டுகள். நான் 100 ஆம் இலக்க பஸ்ஸில் போய் இறங்கி நடந்துவிடுவேன், வாகனம் கொண்டுபோனால் நிறுத்த இடம் இல்லை. முதல் தடவை போனபோது "நல்ல விளைச்சல் தரும் சோளம் எது நானா?" என்று கேட்டேன். கடைக்கார நானா ஒரு பையையும் எடுக்கவில்லை. "காணி எந்தப் பக்கம் தங்கச்சி? தண்ணி எத்தனை மாசத்துக்கு நிக்கும்? போன முறை என்ன போட்டீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கடையில் நின்றபடியே அப்பாவுக்குப் போன் எடுத்துக் கொடுத்தேன், இரண்டு பேரும் இருபது நிமிஷம் பேசினார்கள், பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தும் அவர் அவசரப்படவில்லை. அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் நான் இன்றுவரை அங்கே போகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முந்தின காலபோகத்தில், அதாவது மாரி மழையோடு செய்கிற பெரிய போகத்தில், அப்பா நாலு மாத நெல்லை விதைத்திருந்தார். மழை பிந்தியது, விதைப்பும் பிந்தியது, கதிர் வெளியே வருவதற்கு முந்தின குடலைப் பருவம் வரும்போது குளத்தில் தண்ணீர் முடிந்துவிட்டது. வெட்டினால் பாதி சப்பி, உள்ளே அரிசி இல்லை. அந்த நெல்லில் ஒரு குறையும் இல்லை, எங்கள் குளத்துக்கு அதன் வயது கூடிவிட்டது, அவ்வளவுதான். விளைச்சலையும் விலையையும் பார்த்துத் தெரிவு செய்தோமே தவிர, தண்ணீர் எத்தனை நாளைக்கு என்று எண்ணவில்லை.

இந்தக் கடையில் விதைநெல் விற்பதில்லை. அதை முதலே சொல்லிவிட்டு, "ஊரிலயே கமநல சேவை நிலையத்தில கேளுங்க, ஆனா என்ன கேக்கணும்னு தெரிஞ்சிட்டுப் போங்க" என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். நெல் இனத்தின் பெயரில் பிஜி என்றால் பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்து நெல், ஏடி என்றால் அம்பலாந்தோட்டை, பிடபிள்யூ என்றால் பொம்புவெல. பின்னால் வருகிற மூன்று இலக்க எண்ணின் முதல் இலக்கம் மாதம், மற்ற இரண்டு இலக்கமும் 50 அல்லது அதற்கு மேலே என்றால் அரை மாதம் கூட. பிஜி 250 இரண்டரை மாதம். பிஜி 300 மூன்று மாதம். 352, 358, 360 எல்லாம் மூன்றரை மாதம். 400க்கு மேலே போனால் நாலு, நாலரை. இந்தக் கணக்குக்குள் வராதவையும் உண்டு: 379-2 என்று பார்த்து மூன்றரை மாதம் என்று நினைத்துவிடாதீர்கள், அது நாலு மாத நெல். இவ்வளவு காலம் சோறு சாப்பிட்டும் கீரிச்சம்பா என்று நாங்கள் வாங்குவது பிஜி 360 என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதன்பிறகு அப்பா மூன்றரை மாதத்துக்கு மாறினார். ஒரு ஏக்கர் ஏடி 362, அது சிவப்பரிசி, வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஊர் மில்லுக்கும். மற்ற ஏக்கர் பிஜி 358, சம்பா. யாழ்ப்பாணத்தில் உவர் ஏறின வயல் வைத்திருப்பவர்கள் ஏடி 354ஐப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், உவரைத் தாங்குவதற்காகவே பொக்காளி நெல்லோடு கலந்து உருவாக்கின இனம் அது. மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் போடச் சொல்லி என்னிடம் கேட்கிற வெள்ளவத்தைச் சிநேகிதிகளுக்கும் ஒரு வார்த்தை: எனக்கும் அந்தச் சோறு மிகவும் பிடிக்கும், ஆனால் விளைச்சல் குறைவு, உரம் கூடினால் பயிர் சாய்ந்துவிடும். கிலோவுக்கு நீங்கள் கூடக் கொடுக்கத் தயார் என்றால்தான் அப்பா மாதிரி ஒருவரால் அதைச் செய்ய முடியும்.

சரி, கடையில் நான் உண்மையில் வாங்குகிறவை மேட்டுக்காணிக்கு உரியவை. குரக்கன் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. இந்தக் கடையைக் கண்டுபிடிப்பதற்கு முன், வேறொரு இடத்தில் சாக்கில் இருந்து அள்ளி நிறுத்து "இது ராவணா இனம்" என்று தந்தார்கள். பையில் பெயர் இல்லை, திகதி இல்லை. அப்பா நாற்றுமேடையில் போட்டார், அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது, முளைத்ததும் ஒரே உயரத்தில் வரவில்லை. மிச்சத்தில் 100 விதை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்துப் பார்த்தால் முளைத்தது 41. சாப்பாட்டுக்கு வந்த குரக்கனைத்தான் விதை என்று விற்றிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு பருவ மழையும் அப்பாவின் இரண்டு கிழமை உழைப்பும் போனது. பணத்தைவிட அதுதான் வலித்தது.

இங்கே குரக்கன் மூடின பையில்தான் வரும், ரவி, ராவணா, ஓஷத என்று இனத்தின் பெயரோடும் சோதித்த திகதியோடும். போன முறை வாங்கிய ஓஷதவில் 100க்கு 92 முளைத்தது. விலை வெளியே அள்ளி விற்பதைவிட நன்றாகவே கூட, ஆனால் ஏக்கருக்கு மூன்று கிலோ அளவுதானே போகிறது, அந்த வித்தியாசத்தைப் பார்க்கவே கூடாது.

சோளத்தில் நானா இரண்டு வழியையும் சொன்னார். கலப்பின விதை விளைச்சல் கூடத் தரும், விலையும் கூட, அதில் இருந்து எடுத்து அடுத்த முறை விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது, அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டும். பத்ரா, ருவன் போன்ற திறந்த மகரந்தச் சேர்க்கை இனங்களில், அதாவது கலப்பினம் அல்லாமல் காற்றில் தானாக மகரந்தம் சேர விட்டு விதை எடுக்கிற இனங்களில், நல்ல பொத்திகளைத் தெரிந்து விதைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் வேறு இனச் சோளத்தில் இருந்து நன்றாகவே தள்ளி இருக்க வேண்டும். 2018இல் சோளத்தைத் தின்கிற படைப்புழு வந்தபிறகு சோளத்துக்கு மருந்துச் செலவும் கூடியிருக்கிறது, அதனால் கையில் காசு குறைவாக இருக்கிறவர்கள் விலை கூடின விதையில் எல்லாவற்றையும் போட்டுவிட வேண்டாம் என்று விற்கிறவரே சொன்னார். நாங்கள் அரை ஏக்கர் கலப்பினமும் கால் ஏக்கர் ருவனும் போடுகிறோம். கலப்பின விதை மருந்து பூசி நிறத்தோடு வரும், வீட்டில் பிள்ளைகளும் கோழிகளும் இருந்தால் அந்தப் பையை உயரத்தில் வையுங்கள், மிஞ்சினதைக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. ஒரு தடவை பயறு விதைப் பையில் திகதி தாண்டியிருந்தது, வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். அடுத்த நாள் கொண்டுபோனதும் ஒன்றும் பேசாமல் மாற்றித் தந்தார், ஆனால் தட்டில் அது இருந்திருக்கவே கூடாது. கேட்டால்தான் பில் தருகிறார்கள், கட்டாயம் கேளுங்கள், முளைக்காத விதைக்கு நீங்கள் போய் நிற்க அந்தத் துண்டு வேண்டும். விலைப் பலகை சிங்களத்தில் மட்டும் இருக்கிறது. கார்ட் எடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பகலில் தொழுகைக்காக மூடுவார்கள், சனிக்கிழமை சனம் கூட, அன்றைக்குப் போனால் நான் சொன்ன அந்த இருபது நிமிஷம் கிடைக்காது. கிழமை நாளில் காலை பத்து மணிக்கு முன் போங்கள், போகும்போது காணியின் மண், குளம், விதைக்கப் போகிற மாதம் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள்.

இந்தக் காலபோகத்துக்கு ஓஷத மூன்று கிலோவும் ருவன் இரண்டு கிலோவும் எடுத்துவிட்டேன், நாளை இரவு வவுனியா பஸ்ஸில் ஏற்றுகிறேன். அப்பா சாக்குத் துண்டை இப்போதே கழுவிக் காயப்போட்டிருக்கிறாராம். எத்தனை முளைத்தது என்று எண்ணிச் சொன்னதும் இதன் கீழே சேர்த்து எழுதுகிறேன்.