யாழ்ப்பாண வெக்கைக்கு கோர்செயர் 4000டி எயார்ஃப்ளோ கணினிப் பெட்டி (கேஸ்) தாங்குமா?

அறை 33 பாகையில் கிடந்தால் எந்த விசிறியும் பெட்டியின் உள்ளே அதற்குக் கீழே இறக்காது. ஆகவே கேஸின் வேலை சூட்டைத் தேங்க விடாமல் வெளியே தள்ளுவதுதான். 4000டி இதை நன்றாகச் செய்கிறது, முன்பக்கம் முழுக்கத் துளைத் தகடு என்பதால்.

கூட வருவது 120 மி.மீ. விசிறி 2: முன்னே ஒன்று, பின்னே ஒன்று. இது கஞ்சத்தனம். முன்னால் இன்னொன்று பூட்டுங்கள். உள்ளே இழுக்கும் காற்று கூடினால் வலையில்லாத இடுக்குகளால் புழுதி நுழைவது குறையும். கூட வரும் விசிறிகள் 3 பின் (மூன்று ஊசி இணைப்பு), பயோஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) டிசி (மின்னழுத்தத்தால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை) என மாற்றாவிட்டால் முழு வேகத்தில் இரையக்கூடும்.

கிராபிக்ஸ் கார்ட் 360 மி.மீ. வரை, சிபியு (செயலி) கூலர் 170 மி.மீ. உயரம் வரை கொள்ளும். முன்னால் ரேடியேட்டர் (நீரால் குளிர்விக்கும் கூலரின் வெப்பம் வெளியேற்றும் பகுதி) வைத்தால் கார்டுக்கான நீளம் குறையும்.

சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் முன்பக்கப் புழுதி வலையை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூட்டவேணும். அடைபட்ட வலையோடு ஓடுவதற்கு மலிவான கேஸே போதும்! கழற்றிய கண்ணாடிக் கதவை மாபிள் நிலத்தில் நிறுத்த வேண்டாம். விளிம்பு தட்டினால் முழுதும் நொறுங்கும்.