ஆபீஸ் ஹெல்த் கேம்பில் கையை நீட்டும் முன் ட்யூப் மூடியின் நிறத்தைப் பாருங்கள்

ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். போன மாதம் எங்கள் ஆபீஸில் நடந்த இலவச ஹெல்த் கேம்பில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் ஆளுக்கொரு ரிப்போர்ட் அனுப்பினார்கள். அதில் இருந்த சில பரிசோதனைகள், அவர்கள் எடுத்துப்போன ரத்தத்தில் செய்யவே முடியாதவை. அதாவது எண்களை அவர்களே போட்டிருக்கிறார்கள்.

கேம்ப் நடந்தது ஒரு மீட்டிங் ரூமில். வெறும் வயிற்றில் வரச் சொல்லிவிட்டு மதியம் வரை வரிசையில் நிற்க வைத்தார்கள். பிபி பார்ப்பதென்றால் ஐந்து நிமிடமாவது உட்கார வைத்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் இருக்கச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். இங்கே வரிசையில் நின்றவரை அப்படியே இழுத்து, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். எங்கள் டீமில் பாதிப் பேருக்கு மேல் ‘ஹை பிபி’ என்று எழுதியதில் என்ன ஆச்சரியம்? சரி, அதையாவது வீட்டில் இன்னொரு தடவை பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ரத்தப் பரிசோதனையில் நடந்ததுதான் பொறுக்க முடியாதது.

மறுநாள் சாயந்திரம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. பக்கத்து சீட்டில் இருக்கும் தோழிக்கு பொட்டாசியம் 6.4 என்று சிவப்பில் போட்டிருந்தது, பின்னாலேயே ஒரு போன், கிட்னி பாதிப்பாக இருக்கலாம் மேடம், முழு பேக்கேஜ் 7,999 ரூபாய், இன்றைக்கே புக் பண்ணினால் தள்ளுபடி என்று. இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கும் பெண் அவர். பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குப் போய் ஈசிஜி எடுத்து, மறுபடி ரத்தம் கொடுத்தார். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. பொட்டாசியம் 4.3, சுத்தமாக நார்மல்.

என் அண்ணி லேப் டெக்னீஷியன். ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் எண்களைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டது, “எந்த மூடி போட்ட ட்யூப்ல எடுத்தாங்க தம்பி?” எல்லோருக்கும் ஒரே ஒரு சிவப்பு மூடி ட்யூப்தான் என்றேன். சிவப்பு மூடி ட்யூபில் ரத்தம் உறைந்துவிடும், அதிலிருந்து பிரியும் சீரத்தில்தான் பரிசோதனை செய்வார்கள். ஹீமோகுளோபின், பிளேட்லெட், வெள்ளையணு எண்ணிக்கை எல்லாம் பார்க்க ரத்தம் உறையாமல் இருக்க வேண்டும், அதற்கு ஊதா மூடி ட்யூப். மூன்று மாத சர்க்கரை பார்க்கும் ஹெச்பிஏ1சி-க்கும் அதே ஊதாதான். எங்கள் ஆபீஸில் ஊதா மூடியை யாருமே பார்க்கவில்லை. ஆனால் எல்லோருடைய ரிப்போர்ட்டிலும் பிளேட்லெட் எண்ணிக்கை இருக்கிறது, ஹெச்பிஏ1சி-யும் இருக்கிறது!

பொட்டாசியம் விஷயத்தில் அண்ணி நிதானமாகத்தான் பேசினார். ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சிவப்பணுக்கள் உடைந்தால், அல்லது சீரத்தைப் பிரிக்காமல் ரத்தத்தை நெடுநேரம் போட்டு வைத்தால், அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து பொய்யாகக் கூடிக் காட்டும். சர்க்கரை இதற்கு நேர் எதிர். சர்க்கரை குறையாமல் தடுக்கும் மருந்து போட்ட சாம்பல் மூடி ட்யூபில் எடுக்காவிட்டால் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், சாதாரண அறைச் சூட்டில் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை குறையும். காலையில் எடுத்த ட்யூபுகள் சாயந்திரம் கிளம்பும் வரை அதே மேஜையில்தான் இருந்தன. எங்களோடு வேலை பார்க்கும் ஒரு அண்ணன் பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அவருக்கு 94, நார்மல் என்று வந்ததும் மாத்திரையைக் குறைத்துவிட்டார். அப்புறம் வெளியில் பார்த்தால் ஹெச்பிஏ1சி 8.1. ஒருவருக்கு இல்லாத நோயைச் சொல்லிப் பணம் கேட்டதை விட, இன்னொருவருக்கு இருக்கும் நோயை இல்லை என்று சொன்னதுதான் எனக்கு அதிகக் கோபம்.

வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் மாட்டிக்கொண்டு ‘கன்சல்டேஷன்’ செய்தவரிடம் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் கேட்டதற்கு, தான் வெல்னஸ் அட்வைசர் என்றார். இதில் இன்னொரு கொடுமை, எல்லோருடைய முடிவுகளையும் ஒரே எக்செல் ஷீட்டில் போட்டு ஹெச்ஆருக்கு அனுப்பியிருக்கிறார்கள், அது மேனேஜர்கள் வரைக்கும் போய்விட்டது. யாருக்கு என்ன நோய் என்பது அப்ரைசல் எழுதுகிறவருக்கு எதற்கு?

ஆகவே உங்கள் ஆபீஸில் கேம்ப் என்று மெயில் வந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். ரத்தம் எந்த லேபுக்குப் போகிறது, அந்த லேபுக்கு என்ஏபிஎல் (லேப்களின் தரத்தைச் சோதித்து அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உண்டா, உண்டென்றால் எந்தெந்தப் பரிசோதனைக்கு? சான்றிதழ் எண்ணைக் கொடுத்தால் என்ஏபிஎல் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம், லேபுக்கு வந்து சேர்ந்த நேரம், கையெழுத்துப் போட்ட டாக்டரின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். எங்களுடையதில் அச்சடித்த நேரம் மட்டும்தான். ரிப்போர்ட் உங்களுக்கு மட்டும் வரும் என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

நாங்கள் கேள்வி கேட்டதும், மறுபடி இலவசமாக ரத்தம் எடுத்துத் தருகிறோம் என்றார்கள், ஒருவரும் போகவில்லை. மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் புகார் எழுதி, ரிப்போர்ட்களை இணைத்து அனுப்பியிருக்கிறோம். பேக்கேஜுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யலாம். வாட்ஸ்அப் செய்தியையும் ரசீதையும் அழித்துவிடாதீர்கள். உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு கேம்ப் நடந்து, அந்த ரிப்போர்ட்டை நம்பி சர்க்கரைக்கோ தைராய்டுக்கோ மாத்திரை அளவை மாற்றியிருந்தால், இன்றைக்கே உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.